நான்கு முனைக்கும் பொட்டு

உங்கள் வீட்டு ஆயுத பூஜையில் பொட்டு வாங்காமல் தப்பித்த பொருள் ஏதாவது உண்டா?

நல்லம்பள்ளியில் என் மாமா ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவர். இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கர், ஒரு மைக், கார் பாட்டரியில் ஓடும் ஆம்ப்ளிஃபயர். போன மாதம் ஒரு கல்யாணத்தில் மைக் பிடித்த எல்லோருக்கும் கொசுக்குரல். அதைக் கேட்கவென்றே கம்பைநல்லூர் நாடகக்காரர் ஒருவர் அங்கே வந்திருந்தார்.

"விஜயதசமி நாடகத்துலயும் இப்புடியே கேட்டா, இனிமேட்டுக்குச் சேலத்து செட்டுதானுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உடனே பி.எஸ்ஸி. பௌதிகம் படித்த மேதையை, அதாவது என்னை, அழைத்தார்கள். பெட்டியின் முதுகைக் கழற்றி, காகிதக் கூம்பை விரல் நுனிகளால் மெல்ல அழுத்தினேன். உரசல் இல்லை, உள்ளே கம்பிச்சுருள் நேராகத்தான் நிற்கிறது. டார்ச் லைட்டிலிருந்து ஒரு செல்லை உருவி, ஸ்பீக்கரின் இரு முனைகளையும் கம்பியால் தொட்டேன். 'டக்'. ஆள் உயிரோடுதான் இருக்கிறார். கூம்பு முன்னே துள்ளினால், செல்லின் தலை தொடும் முனைதான் பிளஸ். இரண்டு பெட்டியிலும் பிளஸ்ஸைக் கண்டுபிடித்துவிட்டேன். மாமா இத்தனை நாளாக ஒன்றை நேராகவும் மற்றதைத் தலைகீழாகவும் மாட்டியிருக்கிறார். ஒன்று தள்ள, மற்றது இழுக்க, சத்தம் நடுவிலேயே செத்திருக்கிறது.

அடையாளம் வைக்கப் பெயிண்ட் இல்லை. அத்தையின் குங்குமம் இருந்தது. பிளஸ்ஸுக்கு ஒரு பொட்டு. என்ன மூளை!

மறுநாள் ஆயுத பூஜை.

அதற்கடுத்த நாள் மதியம், கம்பைநல்லூர் நாடகக் கொட்டகையில் மாமா பொட்டைப் பார்த்துக் கம்பி மாட்டினார். ஆர்மோனியக்காரர் பாடிப் பார்த்தார். அதே கொசு.

"ஏன் மாப்ள, உங்க காலேஜுல வாத்தியாருங்க இருந்தாங்களா?" என்றார் மாமா.

இரண்டு பெட்டிக்குள்ளும் எட்டிப் பார்த்தேன். நான்கு முனையிலும் பொட்டு.

"சேலத்துக்கு ஆள அனுப்பட்டுங்களா?" என்றார் நாடகக்காரர், மிகுந்த மரியாதையோடு.

மாமாவின் டார்ச்சைப் பிடுங்கிச் செல்லை உருவினேன். டக். டக். ஒரு பெட்டியில் கம்பியை மாற்றினேன். ஆர்மோனியக்காரர் மறுபடி வாயைத் திறந்ததும் கொட்டகைக்கு வெளியே கட்டியிருந்த மாடு எழுந்து நின்றது.

"அடுத்த வருசமும் நீங்களே வந்துருங்க" என்றார் நாடகக்காரர் மாமாவிடம். என்னை யாரும் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அத்தையைக் கேட்டேன்.

"ஒண்ணுக்கு வெச்சு ஒண்ண வுட்டா நல்லாவா இருக்கும் கண்ணு? நான் வெச்சதாலதான் இன்னிக்கு மானம் தப்புச்சு."

நான் ஆணியால் கூட்டல் குறி கீறினேன். இப்போது அதன் மேலும் ஒரு பொட்டு இருக்கிறது.