வளைகாப்புக்கு முன் வந்த ரிசல்ட்

ரத்தம் எடுக்கும் வேலையில் ஊசி குத்துவது சுலபம். ரிசல்ட் வரும்வரை அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் கஷ்டம். என்னைப் போல ஆரம்ப சுகாதார நிலையத்தில் லேப் டெக்னீஷியனாக இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். கரும்பு போடும் அப்பாவுக்கு நான் டாக்டருக்கு அடுத்தபடி. நான் தினமும் பயந்துகொண்டேதான் லேபைத் திறக்கிறேன் என்பது அவருக்குத் தெரியாது.

கறுப்புத் துகள்

கர்ப்பிணிகள் எல்லோருக்கும் பால்வினை நோய்ப் பரிசோதனை உண்டு. சிபிலிஸுக்கு ஒரு வெள்ளை அட்டையில் ஆளுக்கொரு வட்டத்தில் ரத்தத்தின் தெளிநீரோடு மருந்தைச் சேர்த்து ஆட்டுவோம். மருந்திலுள்ள கறுப்புத் துகள்கள் திரண்டால் சந்தேகம். பனித்திட்டிலிருந்து வந்த ஏழு மாதக்காரி ஒருத்தி, செல்வி என்று வைத்துக்கொள்வோம், அவளுடைய வட்டத்தில் லேசாகத் திரண்டது. மறுபடி செய்தேன். மறுபடியும் திரண்டது.

அட்டையை எடுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் ஓடினேன். அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “லேசாத்தான் இருக்கு. மாசமா இருக்கறப்ப இந்த டெஸ்ட் சில நேரம் பொய் சொல்லும். டவுனுக்கு அனுப்பி வேற டெஸ்ட் பாத்துடலாம். அதுவரைக்கும் உன் மூஞ்சி எதையும் சொல்லக் கூடாது.”

சாத்திய கதவு

செல்வியை உள்ளே கூப்பிட்டு விஷயத்தைச் சொல்ல டாக்டரம்மா கதவைச் சாத்தினார். ரகசியம் காக்கத்தான். ஆனால் எங்களிடம் கெட்ட சேதிக்கு மட்டுமே கதவு சாத்துவார்கள் என்பது வெளி பெஞ்சில் இருக்கும் அத்தனை பெண்களுக்கும் தெரியும். செல்வியின் மாமியார் வில்லியனூர் மார்க்கெட்டில் மீன் விற்பவர். “இன்னா, என் மருமவளுக்கு மட்டும் கதவு?” என்ற குரல் கதவைத் தாண்டி வந்தது.

எப்படியாவது சமாளிக்க வேண்டுமே என்று, அதன்பிறகு வந்த எல்லோரையும் கதவைச் சாத்திவிட்டே விசாரித்தேன். முதலில் வந்தவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். இரும்புச்சத்து மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்றுதான் கேட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு கத்தினாள்: “மாத்திர முழுங்குனியான்னு கேக்கவா கதவ சாத்துன? என் உசுரே பூட்சு!”

கேள்வி யாருக்கு

டவுனுக்கு அனுப்ப, செல்விக்கு இரண்டாவது முறை ரத்தம் எடுத்தேன். அவள் கணவன் ஆழ்கடல் மீன்பிடிக்குப் போயிருந்தான். இந்த டெஸ்டிலும் நோய் என்று வந்தால் அவனையும் சோதிக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை வளைகாப்பு. என்ன கோளாறு என்று தெரியாமல் வளையல் அடுக்க மாட்டேன் என்று மாமியார் பெஞ்சிலேயே சொல்லிவிட்டார்.

முதல் டெஸ்ட் பொய்யாக இருக்கலாம் என்று செல்வியிடம் சொன்னேன். பொய்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ரிசல்ட் வராமல் எப்படிச் சொல்வது? அவள் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி சொன்னாள்: “அவரு ரத்தத்துல இருந்தாலும் என்னியத்தான் கேப்பாங்கக்கா.”

வியாழக்கிழமை

வியாழன் மதியம் டாக்டரம்மாவின் போனுக்கு ரிசல்ட் வந்தது. நோய் இல்லை. மாமியாரோடு வந்து காத்திருந்த செல்வியிடம் முதலில் சொன்னோம். அவள் சம்மதத்தோடு, மாமியாரை அழைத்து, “முதல் டெஸ்ட் தப்பா காட்டுச்சு, பொண்ணுக்கு ஒண்ணுமில்ல” என்று டாக்டரம்மா சொன்னார்.

மாமியார் சிரிக்கவில்லை. செல்விக்கு ஏதோ கெட்ட வியாதி என்று பெஞ்சிலிருந்து கிளம்பிய பேச்சு அதற்குள் பனித்திட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.  என் பக்கம் திரும்பி, நாளைக்கு வீட்டுக்கு வா என்றார். எதற்கு என்று கேட்டேன். முதல் வளையலை நான் போட வேண்டுமாம். எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை, நான் போடக் கூடாதே என்று இழுத்தேன். “அத நான் பாத்துக்கறேன். ரத்தம் எடுத்த கையாலியே நீ போடு. அப்பால எவ வாயத் தொறக்கறான்னு பாக்கறேன்.”

மறுநாள் போனேன், போட்டேன். அட்டை சொல்லும் பொய்யைச் சரிபார்க்க டவுனில் இன்னொரு டெஸ்ட் இருக்கிறது, ஊர் சொல்லும் பொய்யைச் சோதிக்கும் கிட் மட்டும் எங்கள் ஸ்டோருக்கு இன்னும் வந்து சேரவில்லை.