இரண்டு பித்தப்பைக்காரர்

லிஃப்ட் கம்பெனியில் அவரை எல்லோரும் டார்ச் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். பெட்டி மூன்றாம் மாடியில் நிற்கிறது என்று கதவுக்கு மேலே சிவப்பு எண் எரிந்தாலும் அவர் நம்பமாட்டார். கதவை விரற்கடை அளவு நீக்குவார், உள்ளே டார்ச் அடிப்பார், பெட்டி நிஜமாகவே அங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகுதான் காலை வைப்பார். எண்ணை நம்பிக் காலை வைத்த கூட்டாளி ஒருவர் இப்போது உட்கார்ந்த இடத்திலேயே வாகன நிறுத்தத்தில் டிக்கெட் கிழிக்கிறார். பழுது பார்க்க இறங்கும்போது மெயின் சுவிட்சை அணைத்து, அதன்மேல் தன் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். கட்டட முதலாளியே வந்து கெஞ்சினாலும் சாவி வெளியே வராது.

"நான் கீழே இருக்கறப்ப நீங்க மேலே போக ஆசைப்படாதீங்க சார்" என்பார்.

இத்தனை சந்தேகமும் வேலை நேரத்துக்கு மட்டும்தான். வீட்டுக்கு வந்ததும் கருவிப்பையோடு சேர்த்து அதையும் ஆணியில் மாட்டிவிடுவார்.

அவர் சர்க்கரைக்குப் போய்வரும் மருத்துவமனையின் கணினிக்குள் யாரோ புகுந்து, நோயாளிகளின் விவரங்களை மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். மருத்துவமனை இதை மறைக்கவில்லை. உங்கள் விவரங்கள் வெளியே போயிருக்கலாம், கடவுச்சொல்லை உடனே மாற்றுங்கள், சந்தேகம் இருந்தால் இந்த எண்ணுக்கு அழையுங்கள் என்று எல்லோருக்கும் குறுஞ்செய்தி அனுப்பியது. டார்ச் அண்ணன் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு அதைப் படித்தார்.

"பார்த்தியா, ஃபிராடுப் பசங்க. முதல்ல பயமுறுத்தறான், அப்புறம் உடனே கூப்பிடுங்கறான். நாம என்ன இளிச்சவாயா?"

"அழிச்சு விடுங்க" என்றார் மனைவி.

அழித்தார். எந்த விஷயத்திலும் இரண்டு கட்சியாக நிற்கும் வீடு அது. இந்த ஒன்றில் மட்டும் ஏகமனதாக நின்றது.

சில நாளில் ஒரு அழைப்பு வந்தது. மருத்துவமனைப் பாதுகாப்புப் பிரிவிலிருந்து பேசுவதாகச் சொன்ன குரலில் மரியாதை வழிந்தது.

"சார், போன தடவை சுகர் கொஞ்சம் கூட இருந்துச்சே, இப்ப பரவாயில்லையா? பித்தப்பையில சின்னதா கல்லு இருக்குன்னு டாக்டர் சொன்னாரே, வலி ஒண்ணும் இல்லையே?"

டார்ச் அண்ணன் உருகிவிட்டார். கூடப் பிறந்த தம்பி போன் பண்ணினால் கார் வாங்கிய கதையைத்தான் பேசுவான். இவர் பித்தப்பையை ஒரு நாளும் விசாரித்தது கிடையாது. திருட்டுக் கும்பல் ஒன்று சுற்றுகிறது, உங்கள் காப்பீட்டு அட்டையைப் பத்திரப்படுத்த வேண்டும் என்று குரல் கவலைப்பட்டது. அவர் அட்டை எண்ணைச் சொன்னார். பிறந்த தேதியைச் சொன்னார். போனுக்கு வந்த ஓடிபியை, எதிரில் இருப்பவர் எழுதிக்கொள்ளச் சிரமப்படக் கூடாதே என்று, நிறுத்தி நிறுத்தி இரண்டு முறை சொன்னார்.

"யாருங்க போன்ல?"

"ஆஸ்பத்திரிலேர்ந்து. தங்கமான பையன். இந்தக் காலத்துல யாரு இப்படி விசாரிக்கறாங்க!"

கல் பெரிதாகிக்கொண்டிருந்தது. மறு வருஷம் ஒரு நாள் வேலை நடுவில் வலது விலாவுக்குக் கீழே பிடித்த வலி, அவரை லிஃப்ட் பெட்டியின் கூரையிலேயே உட்கார வைத்துவிட்டது. இனித் தள்ளிப்போட வழியில்லை, பித்தப்பையை எடுத்தே ஆக வேண்டும் என்றார் அறுவை மருத்துவர். சீட்டை எடுத்துக்கொண்டு காப்பீட்டு மேசைக்குப் போனார். அங்கிருந்த பெண் திரையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள்.

"சார், உங்களுக்குப் பித்தப்பை இல்லையே."

"இல்லாமலா வலிக்குது?"

"போன வருஷமே வேற ஊர்ல எடுத்திருக்கீங்க. உங்க அட்டைதான், பணம்கூடக் குடுத்தாச்சு. ஒருத்தருக்கு ஒரு தடவைதான் சார் எடுக்க முடியும்."

"அம்மா, நான் அந்த ஊருக்கே போனதில்லை."

"சிஸ்டத்துல போயிருக்கீங்க சார்."

மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். பித்தப்பை இருந்த இடத்தில் இருந்தது, உள்ளே கற்களும் இருந்தன. அந்தப் பெண் படத்தை அனுதாபத்தோடு பார்த்தாள். ஆனால் ஸ்கேன் சொல்வதைக் கேட்கும் வழக்கம் சிஸ்டத்துக்கு இல்லையாம்.

மனைவி பார்சல் அலுவலகத்தில் கவுன்டர் பார்ப்பவர். விடுப்புச் சொல்லிவிட்டு வந்தார். கணவர் பெயரில் உள்ள மருத்துவக் குறிப்பு முழுவதையும் அச்செடுத்துத் தரச் சொல்லி, வரி வரியாகப் படித்தார். ஒரு வரியில் நின்றுவிட்டார். மருந்து ஒவ்வாமை: எதுவும் இல்லை.

டார்ச் அண்ணனுக்குப் பென்சிலின் ஆகாது. ஒரு தடவை ஊசி போட்டதில் முகம் பூசணிக்காயாகி, மூச்சுக்குத் தவித்து, பிழைத்ததே பெரிய விஷயம். அட்டையைத் திருடியவருக்கு எந்த மருந்தும் ஒத்துக்கொள்ளும் போலிருக்கிறது. நல்ல உடம்பு, பித்தப்பைதான் சரியில்லை. ஒரே அட்டை எண்ணுக்குள் இருவர் குறிப்பும் கலந்ததில், அந்த ஆளின் வரி இவர் வரியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"கத்தி வைக்கறதுக்கு முன்னாடி இந்த வரியைப் பார்த்துத்தான் ஊசி போடுவோம்" என்றார் மருத்துவர், கொஞ்சம் தயங்கி.

மனைவி கணவர் பக்கம் திரும்பினார். "ஊர்ல இருக்கற லிஃப்டுக்கெல்லாம் பூட்டுப் போடறீங்க. உங்க பேர்ல எவனோ மேலயும் கீழயும் போய்ட்டு வந்துட்டிருக்கான், மெயினை அணைக்கத் தோணலையே!"

"நீயும்தானே அழிச்சு விடுங்கன்னே?"

"சொன்னேன். இப்ப வாங்க."

பார்சல் அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. வந்து நிற்பவர் சொல்லும் எண்ணுக்குக் கூப்பிடக் கூடாது. பார்சலின் மேல் எழுதியிருக்கும் எண்ணுக்குத்தான் கூப்பிட வேண்டும். அந்த விதிப்படி, காப்பீட்டு அட்டையின் பின்பக்கம் அச்சிட்ட எண்ணை மனைவியே அழைத்து, மோசடிப் பிரிவில் புகார் வைத்துப் பழைய அட்டையை முடக்கினார். காவல் நிலைய ரசீது இல்லாமல் எந்த மேசையும் அசையாது என்று தெரிந்ததும் அங்கேயும் போய் உட்கார்ந்தார்கள். இவர் பெயரில் யாரும் புதுக் கடன் வாங்க முடியாதபடி கடன் விவரம் வைத்திருக்கும் நிறுவனத்தில் பூட்டுப் போடச் சொன்னபோதுதான், எங்கோ ஒரு குளிர்பெட்டிக்கு இவர் தவணை கேட்டு விண்ணப்பித்திருந்தது தெரியவந்தது. கடவுச்சொற்கள் எல்லாம் மாறின. எல்லாவற்றுக்கும் அதுவரை ஒரே கடவுச்சொல்தான். அது மனைவியின் பெயர். அதை மாற்றியதில் டார்ச் அண்ணனுக்கு லேசான வருத்தம்.

மருத்துவமனை ஆவணப் பிரிவில் மட்டும் வண்டி நின்றது.

"தப்பா ஏறினதை அழிக்க முடியாது சார், விதி. பக்கத்துல ஒரு குறிப்பு சேர்க்கலாம்."

"என் பேர்ல இருக்கறதை அழிக்க முடியாது, திருட மட்டும் முடியுமா?"

அதிகாரி குறிப்பைச் சேர்த்தார். பென்சிலின் ஆகாது என்றும், முதல் பித்தப்பை இவருடையது அல்ல என்றும் ஏறியது. காப்பீடும் ஒருவழியாக இறங்கி வந்தது.

அறுவை சிகிச்சை நாளன்று முதுகுப் பக்கம் திறந்த பச்சை அங்கியை மாட்டி, தள்ளுவண்டியில் படுக்க வைத்து, அவரை அரங்கத்தின் வாசல்வரை கொண்டுபோனார்கள். நர்ஸ் ஊசியோடு வந்தார்.

"சிஸ்டர், ஒவ்வாமைன்னு போட்டிருக்கற வரியைக் கொஞ்சம் படிங்க."

"எல்லாம் பார்த்தாச்சு, கையை நீட்டுங்க அண்ணே."

"வாய்விட்டுப் படிங்கம்மா."

நர்ஸ் படித்தார். "ஒவ்வாமை: எதுவும் இல்லை."

மாடியில் கணினியில் குறிப்பு ஏறியிருந்தது. கீழே வந்த தாள், அதற்கு முன்பே அச்செடுத்தது.

டார்ச் அண்ணன் வண்டியிலிருந்து இறங்கினார். அங்கியின் பின்பக்கத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஊசியைத் தடுத்துக்கொண்டு, அரங்கத்துக் கதவை மறித்து நின்றார். யாரும் கத்தவில்லை. ஆனால் காரிடாரில் நடந்துபோன எல்லோரும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்கள். மருத்துவர் வந்தார், புதுத் தாளை வரவழைத்தார், பென்சிலின் ஆகாது என்று எழுதிய சிவப்புப் பட்டையை அவர் மணிக்கட்டில் தன் கையாலேயே கட்டினார். நர்ஸ் அந்த ஊசியை எடுத்துக்கொண்டு போய் வேறொன்று கொண்டுவந்தார். அதன் பேரையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் டார்ச் அண்ணன் வண்டியில் ஏறினார்.

கற்களைச் சின்னக் குப்பியில் போட்டுக் கொடுத்தார்கள். அதை அவர் கருவிப்பையில், பூட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். கேட்டால், ரசீது என்கிறார்.

தையல் ஆறி வேலைக்குத் திரும்பிய வாரம் வீட்டுக்கு ஒரு அழைப்பு வந்தது. மனைவி எடுத்தார். அதே மரியாதை.

"மேடம், ஆஸ்பத்திரிலேர்ந்து பேசறோம். சாருக்குப் பித்தப்பை ஆபரேஷன் ஆச்சே, இப்ப எப்படி இருக்காரு?"

"எந்தப் பித்தப்பை ஆபரேஷனைக் கேக்கறீங்க? முதல் தடவையா, ரெண்டாவதா?"

எதிர்முனை யோசிப்பதற்குள் போனை வைத்துவிட்டு, மருத்துவமனைச் சீட்டைத் திருப்பி, பின்பக்கம் அச்சிட்டிருந்த எண்ணைத் தட்ட ஆரம்பித்தார்.