ராத்தா இத்தா இருக்கிறாள்

நோர்வேயில் பொலிஸ்காரர் முதலில் தன் பெயரைச் சொல்கிறார். போன கிழமை காரின் பின்விளக்கு எரியவில்லை என்று என்னை மறித்தவரும் பெயரைச் சொல்லித்தான் கதையைத் தொடங்கினார். இத்தனை வருடமாகியும் எனக்கு அது பழகவில்லை. கல்முனையில் எங்களை மறித்த சீருடைகளுக்குப் பெயர் இருந்ததில்லை.

மச்சானைக் கொண்டுபோனவர்களுக்கும் இல்லை. என் மூத்த சகோதரியின், ராத்தாவின், கணவர் அவர். மாவடிப்பள்ளி வயலில் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றவரைச் சிப்பாய்கள் ட்ரக்கில் ஏற்றினார்கள். சோறு கொண்டுபோன ராத்தா வரம்பில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். அவர்களில் ஒருவன் அவளிடமே தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு ட்ரக்கில் ஏறினான். முகாமில் போய்க் கேட்டபோது, அப்படி ஒருவரைப் பிடிக்கவே இல்லை என்றார்கள்.

சில வருடங்கள் கழித்துப் பள்ளிவாசல் ஆட்கள் வீட்டுக்கு வந்தார்கள். அவர் மௌத்தாகியிருப்பார், இத்தா இரு என்றார்கள். கணவன் இறந்தால் நான்கு மாதமும் பத்து நாளும் வெளியே போகாமல், அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் இருக்கிற கடமை அது. ராத்தா கதவுக்குப் பின்னால் நின்றே பதில் சொன்னாள்.

"கொண்டுபோனவங்க வந்து சொல்லட்டும், கொன்டுட்டம் எண்டு. அண்டைக்கு இரிக்கன்."

ஊர் பல மாதிரிக் கதைத்தது. அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அந்தச் சிப்பாய்கள் மேல் வழக்குப் போட்டு, ஒவ்வொரு தவணைக்கும் விடியவே பஸ் ஏறினாள். மிரட்டல் வந்தபோது நாங்கள்தான் பயந்தோம். இத்தனை காலத்துக்குப் பிறகு முகம் எப்படி ஞாபகம் இருக்கும் என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் மடக்கப் பார்த்தார். ராத்தா கூண்டில் நின்றவனைக் கையால் காட்டினாள்.

"இவர் என்ட கையால தண்ணி வாங்கிக் குடிச்சவர் சேர். நான் மறக்கல்ல. அவர்தான் மறந்திருக்கார்."

இதை எழுதும்போதும் என் நெஞ்சு நிமிர்கிறது. அவள் என் ராத்தா.

போன மாதம் தீர்ப்பு வந்தது. நீதிபதி அந்தச் சிப்பாய்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி, கொலைக்குற்றவாளிகள் என்று வாசித்தார். வீடு திரும்பிய ராத்தா இத்தாவுக்குரிய வெள்ளை உடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். மச்சான் மௌத்தான நாளிலிருந்துதான் கணக்கு, இத்தாக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது, கடமை இல்லை என்று மௌலவி எடுத்துச் சொன்னாராம்.

"ஓம் மௌலவி, மார்க்கத்தில முடிஞ்சிரிக்கும். எனக்கு அவர் மௌத்தானது இண்டைக்குத்தான்."

செய்தி கேட்டு, இங்கே என் பக்கத்து வீட்டு லார்ஸ் பூங்கொத்தோடு வந்தார். நல்ல மனுஷன். வென்றவளை ஏன் அறைக்குள் அடைத்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். அவளாகத்தான் இருக்கிறாள் என்றேன். அப்படியானால் டொக்டரிடம் காட்டுங்கள் என்றார். என்னுடைய அரைகுறை நோர்வே மொழியில் இத்தாவை விளக்க முடியவில்லை. அவளை வீடியோவில் பார்த்து நேரே வாழ்த்த வேண்டும் என்று நின்றார். அழைத்தேன்.

"பக்கத்தில ஆம்புளக் குரல் கேக்குது தம்பி. போனத் திருப்பு."

யன்னலுக்கு முதுகு காட்டி நின்று, திரையை என் பக்கம் மட்டும் திருப்பிப் பிடித்தேன். லார்ஸ் போனின் முதுகைப் பார்த்து வாழ்த்துச் சொன்னார். கூடப்பிறந்தவன் என்பதால் அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தடையில்லை. பக்கத்தில் போய் இருக்கத்தான் வழியில்லை.

"அவருக்கு நன்றி சொல்லு" என்றாள். எனக்குப் பின்னால் தெரிந்த யன்னலைப் பார்த்து, "உன்ட ஊரு முழுக்க வெள்ளயாக் கிடக்கே தம்பி" என்றாள்.

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. என் ஊர் நீ இருக்கிற அந்த அறைதான் ராத்தா என்று சொல்ல வாயெடுத்தேன். லார்ஸின் கை என் தோளில் இருந்தது.

"ஓம் ராத்தா" என்றேன்.