ஹார்ட்ஸ் போடாத சனிக்கிழமை

பிரிட்ஜில் முதல் தாளைப் போடுகிறவனைப் போல ஒரு பாவி கிடையாது. எதிராளி ஏலத்தில் ஆட்டத்தைக் கேட்டு முடித்துவிட்டு வசதியாகச் சாய்ந்துகொள்வார். அவருடைய கூட்டாளியின் கை மேசையில் விரியும், ஆனால் நான் ஒரு தாளைப் போட்ட பிறகுதான் விரியும். அதுவரை என் பதின்மூன்று தாளைப் பார்த்து முழித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அதற்கு ஒரேயொரு வழிதான் இருக்கிறது. பார்ட்னர் ஹார்ட்ஸ் கேட்டிருந்தால் ஹார்ட்ஸ் போடு, ஸ்பேட்ஸ் கேட்டிருந்தால் ஸ்பேட்ஸ் போடு. போடாவிட்டால், ‘உன்னை நான் நம்பவில்லை’ என்று அவன் முகத்துக்கு நேரே சொன்னதாகத்தான் எங்கள் மேசையில் அர்த்தம்.

எங்கள் மேசை வெள்ளவத்தையில், காலி வீதித் துணிக்கடை ஒன்றின் மேல்மாடியில் இருந்தது. சனிக்கிழமைப் பின்னேரங்களில் நாலு பேர் கூடுவோம். ஒரு பக்கம் மருதானையில் இரும்புக்கடை வைத்திருந்த ஹாஜியாரும், ஹெவ்லொக் டவுன் கணக்காளரும். மறுபக்கம் நானும் என் பார்ட்னரும். பார்ட்னர் கொட்டாஞ்சேனைக்காரர். துறைமுகத்தில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமான பிறகு மகளோடு இருந்தார். பதினாறு வருடமாக இரண்டு பஸ் மாறி வந்து என் எதிரே உட்கார்ந்த மனுஷன்.

அந்த வருடம் அவருக்கு ஞாபகம் தடுமாறத் தொடங்கியது. ஒருநாள் கையில் இரண்டே இரண்டு ஸ்பேட்ஸை வைத்துக்கொண்டு ஸ்பேட்ஸ் கேட்டார். நானும் நம்பிப் போட்டேன், நாசமாய்ப் போனோம். போன ஆட்டத்துத் தாள்கள் அவர் தலைக்குள் அப்படியே கிடந்திருக்கின்றன. இன்னொரு நாளும் அதே கதை. இரண்டு தரமும், பிழை என்னுடையது என்று சொல்லிச் சமாளித்தேன். மற்ற இருவரும் என்ன, குருடர்களா? படியிறங்கும்போது கணக்காளர் என் கையைப் பிடித்தார்.

“ஐசே, இன்னொருக்கா இப்பிடி நடந்தா வேற ஆள்தான் பாக்க வேணும். பொல்லாப்பா நினையாதையும்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் என்ன சொல்ல? அந்த மனுஷனுக்கு ஒரு கிழமையில் இருந்தது அந்த ஒரு பின்னேரம்தான். அந்தக் கதிரையும் போனால் அவருக்கு என்ன மிச்சம்?

அடுத்த சனிக்கிழமை, மூன்றாவது ஆட்டம். பார்ட்னர், “ஒரு ஹார்ட்ஸ்” என்றார். ஹாஜியார் துருப்பில்லாத ‘நோ ட்ரம்ப்’ என்று குறுக்கிட, கணக்காளர் அதை மூன்றுக்கு உயர்த்தினார். ஹாஜியார் பதின்மூன்று பிடியில் ஒன்பதை எடுத்தாக வேண்டும். மற்ற எல்லோரும் பாஸ். முதல் தாள் நான் போட வேண்டும்.

என் கையில் மூன்று சின்ன ஹார்ட்ஸ் இருந்தன. குழந்தைப்பிள்ளைகூட அதில் ஒன்றைப் போடும். நானோ பார்ட்னரின் முகத்தைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இது இந்த ஆட்டத்து ஹார்ட்ஸா, போன ஆட்டத்தினதா? அவர் கையில் ஹார்ட்ஸ் இல்லாமல் நான் அதைப் போட்டால் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்துவிடும். வேறு எதையாவது போட்டால் ஒருவருக்கும் தெரியாமல் போய்விடும். அவரைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து டயமண்ட் ஒன்றைப் போட்டேன். மண்ணாங்கட்டிக் காப்பாற்றல்!

அந்த டயமண்டே ஹாஜியாருக்குக் குறைந்த ஒரு பிடியைக் கொடுத்தது. ஒன்பதையும் மளமளவென்று எடுத்துவிட்டு, “மிச்சம் உங்களுக்கு” என்று தாளைப் போட்டார்.

பார்ட்னர் கையிலிருந்த நாலு தாளையும் மேசையில் வைத்தார். ஹார்ட்ஸ் ஏஸ், குயின், ஜாக். கிளாவர் ஏஸ். பிறகு ஹாஜியாரின் முன்னால் கிடந்த பிடிகளைக் கிளறி, தான் கழித்திருந்த ஹார்ட்ஸ் பத்தையும் ஒன்பதையும் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்தார். நான் ஹார்ட்ஸ் போட்டிருந்தால் ஹாஜியார் கவிழ்ந்திருப்பார்.

“நான் ஹார்ட்ஸ் கேட்டது உமக்குக் கேக்கேல்லையோ?”

“கேட்டது. டயமண்ட் நல்லா இருந்தது, அதுதான்...”

“பதினாறு வருசத்தில நீர் ஒருக்காலும் இப்பிடிப் போட்டதில்லை, ஐசே.”

அவர் ஹாஜியாரைப் பார்த்தார். ஹாஜியார் தாள்களைக் குலுக்கத் தொடங்கினார். கணக்காளரைப் பார்த்தார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஓ... எல்லாருக்கும் தெரியும், என்ன?”

ஹாஜியார் குலுக்கிய தாள்களையே மறுபடியும் குலுக்கினார்.

“வீட்டில நான் கதவைப் பூட்டினா, மகள் வந்து இழுத்துப் பாக்கிறாள். சரி, பிள்ளை பயப்பிடுறாள். இங்க நான் கேட்டா நீர் போடுவீர் எண்டுதான் ரெண்டு பஸ் மாறி வந்தனான்.”

தேநீரை முழுவதும் குடித்துவிட்டுத்தான் எழும்பினார். மூன்று பேருக்கும் தனித்தனியாகப் போயிட்டு வாறன் சொன்னார்.

ஒரேயொரு ஹார்ட்ஸைப் போட்டிருந்தால் அந்த இரண்டு பேரும் வாயை மூடியிருப்பார்கள். அவருடைய கதிரை இன்னும் கொஞ்சக் காலம் அவருடையதாகவே இருந்திருக்கும். அந்த மறதி வருத்தம் எப்படியும் அவரைக் கொண்டுபோகத்தான் போகிறது. அதற்கு முன்னால் நான் ஏன் முந்திக்கொண்டேன்?

அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. நான் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். என்னை நன்றாகவே அடையாளம் கண்டு, பக்கத்தில் இருத்தி, என் பிள்ளைகளைப் பற்றியெல்லாம் விசாரித்தார்.

“வாரும், ஐசே. நீர் இல்லாம அது ஒரு ஆட்டமோ?” என்றேன்.

“வந்து? நான் ஹார்ட்ஸ் கேட்டா என்ன செய்வீர்?”

“ஹார்ட்ஸ்தான் போடுவன்.”

“யோசிக்காமலோ?”

ஓம் என்று சொல்ல எவ்வளவு நேரம் வேண்டும்? நான் பிந்திவிட்டேன். அவர் என் முழங்காலில் மெல்லத் தட்டிவிட்டு உள்ளே பார்த்து மகளைக் கூப்பிட்டார்.

“பிள்ளை, அங்கிள் வெளிக்கிடப் போறார்.”