பேர்த்திலிருந்து அடிலெயிட் வரை, தரைவழியாக

மங்களேஸ்வரியின் தம்பி பிலேந்திரன் இருப்பது பேர்த் நகரில். தங்கை கமலாதேவி இருப்பது அடிலெயிட்டில். இரண்டும் ஆஸ்திரேலியாதான் என்றாலும் ஒன்றிலிருந்து மற்றதற்கு விமானத்தில் மூன்று மணித்தியாலம் ஆகும். ஒஸ்லோவிலிருந்து நான்கு தடவை அங்கே போய்வந்த மங்களேஸ்வரி, நான்கு தடவையும் தம்பி வீட்டில் இரண்டு கிழமை, தங்கை வீட்டில் இரண்டு கிழமை என்று பங்கு பிரித்து இருந்துவிட்டு வந்தாள்.

முதல் தடவை பேர்த்திலிருந்து அடிலெயிட்டுக்குப் பறந்தபோது தற்செயலாக இடப்பக்கச் சன்னலோரம் இருக்கை கிடைத்தது. கீழே மண்நிறத் தரை. அது ஓரிடத்தில் சட்டென்று நின்று, நெட்டுக்குத்தாகக் கடலுக்குள் இறங்கியது. ஊர் இல்லை, துறைமுகம் இல்லை, ஒரு கூரைகூட இல்லை. அந்த ஓரத்தை ஒட்டி ஒரு றோட்டு மட்டும் போய்க்கொண்டே இருந்தது. அதில் ஏதோ ஒரு வாகனம் வெயிலில் ஒருதரம் மின்னியது. அதற்குள் இருக்கிறவர்கள் என்ன கதைத்துக்கொண்டு போவார்கள், எங்கே இறங்கித் தேத்தண்ணி குடிப்பார்கள் என்று அவள் யோசித்தாள். அடிலெயிட்டில் இறங்கியதும் தம்பிக்கு ரெலிபோன் எடுத்துக் கேட்டாள்.

“அங்கை ஒண்டுமில்லை அக்கா,” என்றான் பிலேந்திரன். “வெறும் வெட்டை. எங்கடை ஆக்கள் ஆரும் அதாலை போறேல்லை.”

இருபத்திரண்டு வருடமாகப் பேர்த்தில் இருக்கிறவன் சொல்கிறான். அவளும் மறுத்துப் பேசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எப்போது அந்த விமானத்தில் ஏறினாலும் சன்னலோர இருக்கையைக் கேட்டு வாங்கினாள்.

மங்களேஸ்வரி நோர்வேக்கு வந்தது இருபத்துநான்கு வயதில், கல்யாணத்துக்காக. யோகராசா அப்போது நாட்டின் வட கோடியில் ஒரு மீன்பிடி ஊரில் வேலை செய்துகொண்டிருந்தார். அவளும் அதே மீன் தொழிற்சாலையில் சேர்ந்தாள். நான்கு வருடம் மீனை வெட்டிப் பெட்டியில் அடுக்கினாள். நோர்வீஜிய மொழியில் அவள் முதலில் கற்ற சொற்கள் முள், செதில், ஈரல், கத்தி. பிறகு ஒஸ்லோவுக்கு வந்து ஹவுகன்ஸ்டுவாவில் ஒரு மாடிவீடு எடுத்தார்கள். மகள் ராகவி அங்கேதான் பிறந்தாள். மங்களேஸ்வரிக்கு ஒரு ஆஸ்பத்திரியில், சத்திரசிகிச்சைக் கருவிகளைக் கழுவிக் கிருமி நீக்கும் பிரிவில் வேலை கிடைத்தது. இருபத்தொரு வருடமாக அதுதான் அவள் வேலை. பெரிய சிகிச்சை ஒன்றுக்கான தட்டில் எண்பது தொண்ணூறு கருவிகள் இருக்கும். பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாக வைக்கவேண்டும். ஒரு சின்ன இடுக்கி குறைந்தாலும் தட்டு வெளியே போகாது. அவள் அடுக்கிய தட்டு குறை சொல்லித் திரும்பி வந்ததில்லை என்று அந்தப் பிரிவில் சொல்வார்கள். அந்தப் பேச்சு அவள் காதிலும் விழுந்திருக்கிறது. அவளுக்கு அதில் பெருமைதான்.

கார் மட்டும் அவள் ஓட்டியதில்லை. யோகராசா நன்றாக ஓட்டுவார், எங்கே கேட்டாலும் கூட்டிக்கொண்டு போவார். அதனால் தேவை வரவில்லை. ஐம்பத்துநான்காவது வயதில் ஒருநாள், லைசென்ஸ் எடுக்கப்போவதாகச் சொன்னாள். திராமனில் இருக்கிற சிநேகிதியைப் பார்க்கப் போகலாம், கடைக்குப் போகலாம் என்று காரணம் காட்டினாள். யோகராசா நல்லது என்று மட்டும் சொன்னார். உண்மைக் காரணத்தை அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள் என்று நினைத்தாள்.

நோர்வேயில் லைசென்ஸ் எடுப்பவர்கள் எல்லாரும் வழுக்குப் பாதைப் பயிற்சிக்குப் போகவேண்டும். எண்ணெயும் தண்ணீரும் ஊற்றிய பாதையில் காரை வேகமாக ஓட்டவிட்டு, திடீரென்று பிரேக் போடச் சொல்வார்கள். மங்களேஸ்வரி போன அன்று வந்திருந்தவர்களில் இருவர்தான் இருபது வயதைத் தாண்டியவர்கள். ஒருத்தி அவள். மற்றவள் கண்ணாடி போட்ட, ஒல்லியான ஒரு பெண். பயிற்சியாளர் பாதையின் நடுவில் ஒரு மூஸ் மான் படம் வரைந்த தட்டியை நிறுத்தியிருந்தார். அந்தப் பெண்ணின் கார் தட்டியைத் தவிர்க்கப்போய் மூன்று சுற்றுச் சுற்றி, வந்த பக்கமே பார்த்து நின்றது. திறந்த கண்ணாடி வழியாக ‘முருகா’ என்ற சத்தம் கேட்டது.

அடுத்த முறை மங்களேஸ்வரியுடையது. மானைக் கண்டால் காரை ஒடித்துத் திருப்பவேண்டாம், நேராகப் பிடித்துக்கொண்டு பிரேக்கை அமத்து என்று பயிற்சியாளர் சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. அப்படியே செய்தாள். தட்டி நசுங்கியது, கார் நேராக நின்றது. இறங்கி வந்தபோது அந்தப் பெண் கைகொடுத்தாள்.

“அக்கா, நீங்க தமிழா? எந்த ஊரு?”

அவள் பெயர் பிரபாவதி. திருநெல்வேலிக்காரி, நாற்பத்தேழு வயது. கடலடி மண்ணை ஆராயும் ஒரு கூடத்தில் வேலை. ஊரில் ஸ்கூட்டர் ஓட்டியதோடு சரி, காரைத் தொட்டது இங்கே வந்துதான். மங்களேஸ்வரி அவளை ‘நீர் வாரும், நீர் இரும்’ என்று கூப்பிட்டது பிரபாவதிக்கு முதலில் நாடகத்தில் ராஜா பேசுவதுபோல் இருந்ததாம். பிரபாவதி ‘சாப்பிட்டீங்களாக்கா’ என்று இழுப்பதை மங்களேஸ்வரி வீட்டில் சொல்லிச் சிரித்திருக்கிறாள். இரண்டு மாதத்தில் இருவரும் ஒருவர் வீட்டுச் சமையலறையில் மற்றவர் கேட்காமல் டப்பா திறக்கிற அளவுக்கு வந்துவிட்டார்கள்.

பிரபாவதி முதல் தடவையே சோதனையில் தேறினாள். மங்களேஸ்வரிக்கு இரண்டாவது தடவை கிடைத்தது. அந்தச் சந்தோஷத்தில் கேசரி கிண்டிக்கொண்டு பிரபாவதியின் வீட்டுக்குப் போன ஞாயிற்றுக்கிழமைதான் மனதில் இருந்ததை முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னாள். பேர்த்திலிருந்து அடிலெயிட் வரை, கடலோரமாக, தானே ஓட்டிக்கொண்டு போகவேண்டும்.

பிரபாவதி சிரிக்கவில்லை. கரண்டியை வைத்துவிட்டு, எத்தனை கிலோமீற்றர் என்று கேட்டாள். தெற்குக் கரையைச் சுற்றிக்கொண்டு போனால் மூவாயிரத்துக்கு மேல் என்றாள் மங்களேஸ்வரி. அது அவளுக்குப் பல வருடமாகத் தெரியும்.

“நானும் வரட்டுமாக்கா?” என்றாள் பிரபாவதி.

அதற்குப் பிறகு அந்தக் குளிர்காலம் போன விதமே தெரியவில்லை. வெளியே பனி கொட்டும். உள்ளே மேசைமேல் ஆஸ்திரேலியா விரிந்து கிடக்கும். பிரபாவதி கணினியில் அட்டவணை போட்டாள். மங்களேஸ்வரி தட்டு அடுக்குகிற பழக்கத்தில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு தாள் எழுதினாள்: பெற்றோல் எங்கே, தண்ணீர் எங்கே, கழிப்பறை எங்கே, படுக்கை எங்கே, ரெலிபோன் எந்த இடத்தில் வேலை செய்யாது. நூறு கிலோமீற்றருக்கு ஒரு பெற்றோல் கடை வரும், சில இடத்தில் இருநூறுக்கு ஒன்று. அதோடு ஒட்டினாற்போல் நாலைந்து அறை இருக்கும். அதுதான் அங்கே ஊர். நடுவில் நூற்று நாற்பத்தாறு கிலோமீற்றர் ஒரு வளைவும் இல்லாத நேர்றோட்டு. பொழுதுபட்டால் கங்காரு குறுக்கே பாயும், அதனால் நாலு மணிக்குமேல் ஓடக்கூடாது. அடிலெயிட் பக்கம் போகும்போது வழியில் ஒரு சாவடியில் பழமும் மரக்கறியும் இருந்தால் வாங்கி எறிந்துவிடுவார்கள், அதனால் தோடம்பழத்தை அதற்கு முன்னமே தின்றுமுடிக்கவேண்டும். ஓரிடத்தில் கடிகாரத்தை முக்கால் மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளவேண்டும் என்று கண்டுபிடித்த அன்று பிரபாவதிக்கு அடங்காத மகிழ்ச்சி. ஒரு மணியும் இல்லை, அரை மணியும் இல்லை, நாற்பத்தைந்து நிமிடம் என்று போகிற வருகிற எல்லாரிடமும் சொன்னாள். செப்ரம்பர் முடிவதற்குள் போனால் கரைமேட்டின் ஓரத்தில் நின்றபடியே கடலில் திமிங்கிலங்களைப் பார்க்கலாம் என்பதால், செப்ரம்பர் என்று முடிவானது.

யோகராசாவுக்கு விஷயம் தெரிந்தது அந்தத் தாள்களால்தான். மாசி மாதத்து ஒரு பின்னேரம் அவர் வேலையால் வந்தபோது, சாப்பாட்டு மேசையில் பதினொரு தாள்கள் வரிசையாக இருந்தன. கோட்டைக்கூடக் கழற்றாமல் ஒவ்வொன்றாக வாசித்தார். வாசித்து முடித்து, திரும்ப அதே வரிசையில் வைத்தார்.

“இதை ஏன் எனக்கு முதல் சொல்லேல்லை?” என்றார்.

கோபமான குரல் இல்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. முப்பது வருடத்தில் அவள் அவரிடம் ஒளித்து வைத்த விஷயம் என்று வேறெதுவும் இல்லை.

“சொன்னா நீங்கள், நான் ஓடுறன் எண்டு வெளிக்கிடுவியள்,” என்றாள். “இது நான் ஓடோணும். எனக்கு வேறை விதமாச் சொல்லத் தெரியேல்லை.”

அதற்குப் பிறகு அவர் இரண்டு நாள் வழக்கத்தைவிடக் குறைவாகக் கதைத்தார். அவளும் அவரைத் தொந்தரவு செய்யாமல் விட்டாள். மூன்றாம் நாள் காலை, கோப்பியைக் குடித்துக்கொண்டே, மூன்றாவது தாளில் ஒரு பிழை இருக்கிறது என்றார். நானூற்றி எண்பது கிலோமீற்றரை ஒரே நாளில் ஓடுவதென்று எழுதியிருக்கிறீர், நீர் இதுவரைக்கும் எழுபதுக்குமேல் ஓடினதில்லை, முதலில் துரொண்ட்ஹெய்முக்கு ஓடிப் பாரும், ராகவியையும் பார்த்ததாக இருக்கும். மங்களேஸ்வரி அவருக்கு இன்னுமொரு கோப்பி ஊற்றினாள்.

ஆனி மாதம் மூவருமாகப் போனார்கள். மகள் படித்து முடித்து அங்கேயே வேலையில் இருந்தாள். ஏறக்குறைய ஐந்நூறு கிலோமீற்றர். மங்களேஸ்வரியும் பிரபாவதியும் மாறி மாறி ஓட்டினார்கள். யோகராசா பின்சீற்றில் இருந்தார். முதல் ஒரு மணித்தியாலம் ஒவ்வொரு சந்தியிலும் அவர் கால் தரையை அமத்துகிற சத்தம் முன்னுக்குக் கேட்டது. மலையேறி மரங்கள் இல்லாத மேட்டுக்கு வந்தபோது சன்னலால் வெளியே பார்க்கத் தொடங்கினார். இத்தனை வருடம் இந்த றோட்டில் ஓடியும் இந்த ஆற்றை நான் கண்டதில்லை என்றார். மங்களேஸ்வரிக்கு முந்நூறாவது கிலோமீற்றரில் தோள் நோகத் தொடங்கியது. அந்த இடத்திலேயே காரை நிறுத்தி, ஒரு நாளுக்கு முந்நூறு என்று தாளில் எழுதினாள். பதினொரு நாள் பயணம் பதினாலு நாளானது.

தடை அதற்குப் பிறகுதான் வந்தது. கார் வாடகைக்குக் கொடுப்பவர்களின் நிபந்தனைகளைப் பிரபாவதி கடைசி வரிவரை வாசித்தாள். லைசென்ஸ் எடுத்து இரண்டு வருடம் ஆகியிருக்கவேண்டும் என்று அதில் இருந்தது. இருவருக்கும் ஒரு வருடம்கூட ஆகவில்லை. இன்னும் மூன்று நிறுவனங்களைக் கேட்டார்கள், அதே பதில். அடுத்த வருடம் பார்ப்போம் என்றாள் பிரபாவதி. மங்களேஸ்வரி ஓம் என்றாள், தாள்களை ஓர் உறையில் போட்டு அலுமாரியில் வைத்தாள். அன்று வேலையில் ஒரே தட்டை இரண்டு தடவை எண்ணினாள்.

பிலேந்திரனுக்கு அவள் இதைச் சொன்னது வேறு எதையோ கதைக்கும்போது, பேச்சுவாக்கில். அவன் முதலில் நம்பவில்லை. பிறகு சிரித்தான். பிறகு அந்தத் தாள்களைப் படமெடுத்து அனுப்பச் சொன்னான். மூன்றாம் நாள் அவனே ரெலிபோன் எடுத்தான். காப்புறுதிக்காரரிடம் கேட்டுவிட்டேன், உங்கள் இருவரின் பெயரையும் சேர்க்கலாம், என்ரை காரைக் கொண்டுபோங்கோ என்றான்.

“கார் அடிலெயிட்டிலை நிண்டா நீ என்ன செய்வாய் தம்பி? ஆர் திருப்பிக் கொண்டாறது?”

“நான் பிளேனிலை வந்து எடுக்கிறன்,” என்றான். “சின்னக்காவும் என்னோடை ஓடி வாறாவாம். கேட்டுப்போட்டன்.”

தம்பியும் தங்கையும் ஒரே நாட்டில் இருந்தும் கலியாணவீடு, செத்தவீடு தவிர்த்துச் சந்திப்பதில்லை. சந்தித்தாலும் சுற்றிவர இருபது பேர் இருப்பார்கள். இருவரும் தனியாக ஒரு காருக்குள் பத்து நாள் இருக்கப்போகிறார்கள். சண்டை பிடிப்பீர்களோ என்று மங்களேஸ்வரி கேட்டாள். அதற்கும் இடம் நிறைய இருக்குத்தானே என்றான் அவன்.

அன்றிலிருந்து வேலை இரட்டிப்பானது. போகும் தாள்கள் பதினாலு, திரும்பி வருபவர்களுக்கு வேறு பத்து. திரும்பும் பக்கத்தில் சாவடி வேறிடத்தில் இருக்கிறது, அங்கே தேனும் கொண்டுபோகக்கூடாது என்று மங்களேஸ்வரி தங்கைக்கு எழுதினாள். கமலாதேவி, நான் ஏன் தேன் கொண்டுபோறன் என்று பதில் போட்டாள், அடுத்த நாள் மலிபன் பிஸ்கட்டுக்குத் தடை இருக்கிறதா என்று கேட்டாள். யோகராசா வரவில்லை. பதினாலு நாள் இருந்து போக இடுப்பு விடாது, நான் நேரே அடிலெயிட்டில் வந்து இறங்கி உங்களுக்குச் சமைத்து வைக்கிறேன் என்றார். அவர் ஆட்டிறைச்சிக் கறி நன்றாக வைப்பார். அதையும் பதினாலாவது தாளின் கடைசி வரியில் எழுதிவைத்தார்கள்.

வேலையிடத்தில் லீவு கேட்டபோது, பொறுப்பாளரான நோர்வீஜியப் பெண் கணக்கைப் பார்த்துவிட்டு, இருபத்தொரு வருடத்தில் இப்போதுதான் ஐந்து கிழமை சேர்த்துக் கேட்கிறாய் என்றாள். எங்கே என்று கேட்டாள். மங்களேஸ்வரி ரெலிபோனில் வரைபடத்தைக் காட்டினாள். அந்தப் பெண் விரலால் கோட்டைத் தொடக்கத்திலிருந்து கடைசிவரை மெதுவாக இழுத்துப் பார்த்து, நீயேதான் ஓட்டுகிறாயா என்றாள்.

“பாதி நான்,” என்றாள் மங்களேஸ்வரி. “மற்றப் பாதி என்ரை சிநேகிதி.”

கையெழுத்து வாங்கிக்கொண்டு அவள் வேலைக்குத் திரும்பினாள். பயணத்துக்கு இன்னும் ஏழு கிழமை இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவளும் பிரபாவதியும் ஆளில்லாத ஒரு பெரிய கார்த் தரிப்பிடத்தில் இடப்பக்கமாக ஓட்டிப் பழகினார்கள். பிரபாவதிக்கு ஊர்ப் பழக்கம் உடனே வந்துவிட்டது. மங்களேஸ்வரிக்குச் சந்தியில் திரும்பும்போது கை இன்னும் வலப்பக்கம்தான் போனது. பரவாயில்லை, பழகிவிடும் என்று சொல்லி, இன்னொரு சுற்று ஓட்டினாள்.