பத்து வரை தாங்கிய கால்

வேம்புலியம்மாளுக்கு நாலு பேர் கைதட்டியது வாழ்க்கையில் ஒரே இடத்தில்தான், கள்ளிக்குப்பத்துக் கரண்ட் கடையில். சர்க்கரை நோயாளிகளை வரிசையாக உட்காரவைத்து, உள்ளங்காலுக்கு இலவசமாகக் கரண்ட் கொடுத்தார்கள். நரம்பைத் தட்டி எழுப்பினால் சர்க்கரை தானாக இறங்குமாம். வெளிநாட்டில் ஆராய்ச்சியே நடக்கிறதாம். நடக்கட்டும், அங்கே யாரும் இப்படி நாற்காலி போட்டுக் கைதட்டியிருக்க மாட்டார்கள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையைப் பெருக்கித் துடைப்பவள் அவள். புருஷன் போனபின் அந்த வேலைதான் சோறு போட்டது. கால் போனால் வேலை போகும் என்ற பயத்தில்தான் அந்தக் கடைக்குப் போனாள். தங்கை நாகவல்லிக்கும் சர்க்கரை என்பதால் அவளையும் இழுத்துக்கொண்டு போனாள்.

மெஷினில் பத்து வரை எண் உண்டு. மூன்றிலேயே ஆம்பளைகள் அலறிக் காலை உதறினார்கள். வேம்புலியம்மாள் பத்தில் வைத்துவிட்டு வெற்றிலை மென்றாள்.

"இன்னாக்கா, உனுக்கு எரியலயா?" என்றாள் நாகவல்லி.

"சக்கர இருந்தாத்தான்டி எரியும். எனுக்கு எறங்கிகினு கீது."

கடை நடத்திய கிஷோர் அதை மறுக்கவில்லை. எல்லாரையும் கைதட்டச் சொல்லி, அவளை முதல் நாற்காலிக்கு மாற்றினான். இன்சுலினை நிறுத்தலாமா என்று கேட்டதற்கு, "அது உங்க இஷ்டம்மா" என்று சிரித்தான், பாவி. அவள் நிறுத்திவிட்டாள்.

சில மாதம் கழித்துப் பட்டறையில், துடைத்த தரையெல்லாம் ரத்தக்கறை. லேத்தில் சீவி விழுந்த இரும்புச் சுருள் ஒன்று அவள் குதிகாலில் புதைந்து, சுற்றிலும் அழுகியிருந்தது. அவளுக்கு அது தெரியவே இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா உள்ளங்காலில் ஊசியால் குத்தினாள். "தெரியுதா?"

"இல்லீங்க."

"நரம்பு செத்துப்போச்சும்மா. அதான் கரண்டும் தெரியல. நோய் முத்தினத நீங்க கொணம்னு நெனச்சுட்டீங்க."

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வேலைக்காக அழுதாள், காலுக்காக அழுதாள், அந்தக் கைதட்டலுக்குப் பல்லைக் காட்டியதை நினைத்து வெட்கத்தில் அழுதாள்.

பார்க்க வந்த நாகவல்லி, கட்டிலில் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்தாள். "எல்லாம் கண்ணு பட்டதுக்கா. அத்தினி பேரு கைதட்டினா உருப்படுமா? நானும் சக்கர ஊசிய உட்டுட்டேன். இப்ப பத்துல வெக்கிறேன், எரியவே இல்ல. ஆனா ஒருத்தர்கிட்டயும் மூச்சு உடல."

வேம்புலியம்மாள் எட்டித் தங்கையின் உள்ளங்காலில் நகத்தை அழுத்தினாள். தோல் கிழிந்து ரத்தம் துளிர்த்தது.

"தெரியுதாடி?"

"இன்னாதுக்கா?" என்றாள் நாகவல்லி.