கப்பலேற மறுத்த மாயக்காள்

ஆரப்பாளையத்து மாயக்காள் ராஜபார்ட் வேஷங்கட்டினால் கண்டி நகரமே திரண்டு வரும். வருஷா வருஷம் தை பிறந்ததும் எங்கள் நாடகக் குழு இலங்கைக்குக் கப்பலேறும். அங்கே பாடித்தான் அவர் சொந்த வீடு கட்டினார். ஆர்மோனியம் வாசித்த என் குடும்பமும் அதில்தான் பிழைத்தது.

1948 கடைசியில் நாடக ஏஜெண்ட் நாகசுப்பிரமணியன் கப்பல் டிக்கெட்டுகளோடு வந்தார். மாயக்காள் அவற்றைத் தொடவில்லை.

"நான் வரலண்ணே. அங்கன தேர்தல்ல ஜெயிச்சவுக, தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ச் சனம் அந்த நாட்டு ஆளே இல்லேன்னு சட்டம் போட்டுட்டாக. தங்களுக்கு ஓட்டுப் போடலங்கிற கோவம். இனி அந்த மண்ண மிதிக்க மாட்டேன்."

ஏஜெண்ட் சிரித்தார். "நீ ஒருத்தி வரலேன்னா இலங்கை கடல்ல முங்கிருமா, தாயி?"

"முங்காதுண்ணே. ஆனா மலையிலருந்து இறங்கி வந்து, தரையில உக்காந்து, விடிய விடியக் கேட்டது அந்தத் தோட்டத்துச் சனந்தான். அவுகளுக்கு இல்லாத ஊர்ல நான் யாருக்குப் பாடுறது?"

இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தும், அவர் யாரைப் பார்த்துப் பாடினார் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. "நானும் போகலக்கா" என்றேன்.

ஏஜெண்ட் வேறொரு நடிகையை அழைத்துப் போனார். அங்கே நாடகம் நன்றாகவே நடந்தது, சட்டமும் மாறவில்லை. மாயக்காள் வீட்டை விற்றுவிட்டு, கொட்டாம்பட்டிப் பக்கத்துக் களத்துமேடுகளில் கூலியாகக் கொடுத்த நெல்லுக்குப் பாடினார். கண்டியில் பாடிய அதே குரலில், ஒரு சுருதிகூடக் குறைக்காமல் பாடினார். இந்தத் தடவை, அவர் யாரைப் பார்த்துப் பாடுகிறார் என்று பார்த்துக்கொண்டே நான் ஆர்மோனியம் வாசித்தேன்.